வீட்டுப் பட்டியலில் யார் பெயர்? கிராம சபையில் உங்கள் குரலுக்கு என்ன மதிப்பு?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. ஐ.டி. கம்பெனியோ வங்கியோ, இந்த நான்கு தேதிகளும் பெரும்பாலான ஆபீஸ் காலண்டர்களில் லீவு. சனி, ஞாயிறோடு சேர்ந்து வந்துவிட்டால் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் பஸ் டிக்கெட் முன்கூட்டியே தீர்ந்துவிடும்.

அதே நாட்களில் தமிழ்நாட்டின் சுமார் 12,500 ஊராட்சிகளில் ஒரு கூட்டம் நடக்கிறது. பள்ளிக்கூட வளாகம், சமுதாயக் கூடம், கோயில் மரத்தடி என எங்காவது ஒரு ஷாமியானா, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மைக். அதுதான் கிராம சபை.

‘நாம போய் என்ன ஆகப்போகுது?’ என்பதுதான் பலரின் கேள்வி. ஊரில் யாருக்கு அரசு வீடு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்ற பட்டியல் அந்த மேஜைக்கு வந்துதான் போக வேண்டும் என்று விதி சொல்கிறது. எதிர்ப்புச் சொல்ல ஆள் இல்லாத ஊரில் பட்டியல் வந்தபடியே போகும். ஆள் இருந்தால்? இருந்து, சொன்னது எழுத்தில் ஏறினால்? அதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

கிராம சபையில் யார் உறுப்பினர்?

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் உறுப்பினர்கள்தான். தலைவரோ வார்டு உறுப்பினரோ தேர்தலில் ஜெயித்துத்தான் ஊராட்சி மன்றத்துக்குள் வர முடியும். சபைக்குள் வருவதற்கு 18 வயதும் வாக்காளர் பட்டியலில் பெயரும் போதும்.

1992-ல் நிறைவேறி 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம்தான் கிராம சபைக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கொடுத்தது. அதையொட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-ல் வந்தது. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு ஒப்புதல் தருவது, வரவு செலவைப் பார்ப்பது, தணிக்கை அறிக்கையைக் கேட்பது, பணிகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று ஆராய்வது எல்லாம் அதன் வேலைகள்.

முன்பு ஆண்டுக்கு நான்கு முறை நடந்த கூட்டம், 2022 முதல் ஆறு முறை என்றானது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-ம், உள்ளாட்சிகள் தினமான நவம்பர் 1-ம் கூடுதலாகச் சேர்ந்தன. சில சமயம் தேதி தள்ளிப்போவதும் உண்டு. 2025-ல் அக்டோபர் 2-ல் நடக்க வேண்டிய கூட்டம் பண்டிகை விடுமுறை காரணமாக 11-ம் தேதிக்கு மாறியது. அதனால் காலண்டரை மட்டும் நம்பாமல் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

கூட்டம் செல்லுபடியாக ஆள் கணக்கும் உண்டு. 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். ‘கோரம்’ என்று சொல்வது இதைத்தான்.

வீட்டுக்கான பணம் எங்கிருந்து வருகிறது?

ஊர்களில் இன்றும் ‘தொகுப்பு வீடு’ என்றே சொல்கிறார்கள். கதை அதன் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. இப்போது கிராமப்புற வீடுகளுக்கு இரண்டு திட்டங்கள் முக்கியம்.

முதலாவது, 2016-ல் தொடங்கிய பிரதமர் வீடு கட்டும் திட்டம். சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு ரூ.1.20 லட்சம், மலைப் பகுதியில் ரூ.1.30 லட்சம். இதில் மத்திய அரசு 60%, மாநில அரசு 40%. இந்தப் பணத்தில் கான்கிரீட் கூரை போட்டு வீட்டை முடிக்க முடியாது என்பது கொத்தனாரைக் கேட்டாலே தெரியும். அதனால் தமிழ்நாடு அரசு கூரைக்கென்று தனியாக ரூ.1.20 லட்சம் சேர்த்துக் கொடுத்துவந்தது. கழிப்பறைக்கு ரூ.12,000 தனி. 2024 ஆகஸ்டில் இத்திட்டத்தின் அடுத்த கட்டமாக நாடு முழுவதும் மேலும் 2 கோடி வீடுகளுக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

இரண்டாவது, மாநில அரசு 2024-25 பட்ஜெட்டில் அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டம். குடிசையில் வாழ்பவர்களுக்கு 2030-க்குள் 8 லட்சம் கான்கிரீட் வீடுகள் என்பது இலக்கு. முதல் ஆண்டில் 1 லட்சம் வீடுகள், ஒவ்வொன்றுக்கும் ரூ.3.5 லட்சம், மொத்தம் ரூ.3,500 கோடி. வீட்டின் அளவு 360 சதுர அடி.

இரண்டிலும் பணம் தவணை தவணையாகப் பயனாளிக்குப் போகிறது. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமாக அளவெடுத்து, போட்டோ பிடித்து ஏற்றிய பிறகுதான் அடுத்த தவணை. வாழ்நாளில் ஒரே முறை கிடைக்கும் உதவி இது. பட்டியலில் பெயர் விடுபட்டால் அடுத்த கணக்கெடுப்பு வரை அதே ஓலைக்கூரைதான்.

பட்டியல் எப்படி உருவாகிறது?

பிரதமர் திட்டத்துக்கு அடிப்படை, 2011-ல் எடுத்த சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு. அதில் விடுபட்டவர்களுக்காகப் பிறகு ‘ஆவாஸ் பிளஸ்’ கணக்கெடுப்பு நடந்தது. புதிய கட்டத்துக்கான கணக்கெடுப்பில் செல்போன் செயலி வழியாகக் குடும்பங்கள் தாங்களே விவரம் பதியவும் வழி செய்தார்கள்.

கணக்கெடுப்பில் பெயர் வந்தால் மட்டும் போதாது. யாரைச் சேர்க்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அரசு ஊழியர் உள்ள குடும்பம், வருமான வரி கட்டும் குடும்பம், மூன்று அல்லது நான்கு சக்கர மோட்டார் வாகனம் வைத்திருப்பவர்கள், குறிப்பிட்ட அளவுக்கு மேல் நிலம் உள்ளவர்கள் தானாகவே வெளியே. முன்பு டூ வீலரும் ஃபிரிட்ஜும் இருந்தாலே வீடு கிடையாது. 2024-ல் அந்த நிபந்தனைகளை நீக்கினார்கள். குடும்பத்தில் ஒருவரின் மாத வருமான வரம்பும் ரூ.10,000-லிருந்து ரூ.15,000 ஆனது.

இத்தனையும் கம்ப்யூட்டரில் ஓடி முடிந்து ஒரு பட்டியல் வரும். அது அப்படியே இறுதிப் பட்டியல் ஆகிவிடாது. கிராம சபைக்கு வர வேண்டும். சபை நான்கு விஷயங்களைச் சரிபார்க்கலாம்.

ஒன்று, பெயர் வந்திருக்கும் குடும்பம் உண்மையிலேயே குடிசையிலா இருக்கிறது? இரண்டு, அதற்குள் வேறு திட்டத்தில் வீடு வாங்கிவிட்டதா, அல்லது சொந்தமாகக் கட்டிவிட்டதா? மூன்று, நிரந்தரமாக ஊரை விட்டுப் போய்விட்டார்களா, அல்லது வாரிசு இன்றி இறந்துவிட்டார்களா? நான்கு, ஒரே தகுதியில் பலர் இருந்தால் யாருக்கு முதலில்?

பெயரை நீக்கினால் காரணத்தோடு தீர்மானத்தில் எழுத வேண்டும். ‘தகுதி இல்லை’ என்று ஒற்றை வரியில் முடிக்க முடியாது. தகுதி இருந்தும் பெயர் வராதவர்கள் மேல்முறையீடு செய்ய மாவட்ட அளவில் ஒரு குழுவும் உண்டு.

மாநிலத் திட்டத்தில் வழி கொஞ்சம் வேறு. ஏற்கெனவே எடுத்த குடிசைக் கணக்கெடுப்புப் பட்டியலிலிருந்து, ஊராட்சித் தலைவரும் பொறியாளர்களும் அடங்கிய குழு நேரில் பார்த்துப் பயனாளிகளைத் தேர்வு செய்கிறது. அந்தப் பெயர்களும் கிராம சபையின் ஒப்புதலுக்கு வர வேண்டும்.

ஓர் உதாரணம்

30 குடிசைகள் உள்ள ஒரு ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஊர்தான். இந்த ஆண்டு அந்த ஊருக்கு 12 வீடுகள் ஒதுக்கீடு. பட்டியலில் 12 பெயர் வருகிறது.

அதில் 9 பேர் விஷயத்தில் யாருக்கும் கேள்வி இல்லை. பத்தாவது பெயர்க்காரர் மூன்று வருஷத்துக்கு முன்பே மாடி வீடு கட்டிவிட்டார், பழைய கணக்கெடுப்பில் இருந்த பெயர் அப்படியே தொடர்கிறது. பதினோராவது பெயர், திருப்பூரில் குடியேறி ரேஷன் கார்டையும் மாற்றிக்கொண்ட குடும்பம். பன்னிரண்டாவது, ஊர்ப் பெரியவர் ஒருவரின் தம்பி மகன்.

இன்னொரு பக்கம், ஏரிக்கரையோரம் தார்ப்பாய் போட்டுத் தனியாக வாழும் ஒரு அம்மா. கணக்கெடுக்க வந்த அன்று அவர் களையெடுக்கப் போயிருந்தார். கதவு பூட்டியிருந்தது. பட்டியலில் பெயர் இல்லை.

இந்த நாலு விவரமும் மாவட்டத் தலைநகரில் உட்கார்ந்திருக்கும் எந்த அதிகாரிக்கும் தெரியாது. கம்ப்யூட்டருக்கும் தெரியாது. ஊருக்குத் தெரியும். பட்டியலைக் கிராம சபைக்குக் கொண்டுவரச் சொல்வதன் காரணமே இதுதான்.

கூட்டத்தில் யாராவது எழுந்து, ‘பத்தாம் நம்பர் வீட்டைப் போய்ப் பார்த்துட்டு வாங்க சார், மாடி இருக்கு’ என்று சொன்னால், அதிகாரி அதைப் பதிவு செய்தாக வேண்டும். யாரும் சொல்லாவிட்டால் ‘பட்டியல் ஒருமனதாக ஏற்கப்பட்டது’ என்று தீர்மான நோட்டில் ஒரு வரி விழும். அந்த ஒரு வரிக்குப் பிறகு ஏரிக்கரை அம்மா எத்தனை மனு கொடுத்தாலும், ‘கிராம சபையே ஒப்புக்கொண்டதாச்சேம்மா’ என்பதுதான் பதிலாக வரும்.

சபையால் முடியாதது என்ன?

எல்லாம் சபை கையில்தான் இருக்கிறது என்று நினைத்தால் ஏமாற்றமாக இருக்கும். ஊருக்கு எத்தனை வீடு என்ற எண்ணிக்கை மேலிருந்து வருகிறது. 12-ஐ 20 ஆக்கச் சபையால் முடியாது. கணக்கெடுப்பில் இல்லாத ஒருவரை அன்றே பட்டியலில் சேர்த்துவிடவும் முடியாது. விடுபட்டவர் என்று பதிவு செய்து மேலே அனுப்பலாம்.

பெரிய முட்டுக்கட்டை பட்டா. வீடு கட்ட உதவி கிடைத்தாலும் கட்டுவதற்குச் சொந்த இடம் வேண்டும். நத்தம் நிலத்தில் தலைமுறையாக இருப்பவருக்குப் பட்டா வாங்க ஓரளவு வழி உண்டு. நீர்நிலைப் புறம்போக்கில் குடிசை போட்டவருக்கு அங்கேயே பட்டா கிடைக்காது. வேறு இடத்தில் மனை கொடுத்தால்தான் வீடு. நம் உதாரணத்தில் வரும் ஏரிக்கரை அம்மாவின் நிலை இதுதான். அவருக்காகச் சபை கேட்க வேண்டியது வீடு மட்டும் அல்ல, முதலில் இலவச மனைப் பட்டா. இரண்டையும் ஒரே தீர்மானத்தில் எழுதி வாங்காவிட்டால், வருவாய்த் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருக்கும்.

ஏன் பல ஊர்களில் இது பெயருக்கு நடக்கிறது?

கிராம சபைக்குப் போய்ப் பழகியவர்களுக்குச் சில காட்சிகள் தெரிந்திருக்கும். கூட்டம் தொடங்கும் முன்பே கையெழுத்து நோட்டு சுற்றி வரும். ‘சைன் போட்டுட்டுப் போங்க, மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்’ என்பார்கள். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்களை வரச்சொல்லி ஆள் கணக்கைக் காட்டுவதும் நடக்கும். தீர்மானத்தைக் கூட்டம் முடிந்த பிறகு சாவகாசமாக எழுதுவார்கள். கையெழுத்து முதலில், தீர்மானம் பிறகு என்றால், எதற்குக் கையெழுத்துப் போட்டோம் என்பதே யாருக்கும் தெரியாது.

இடமும் ஒரு விஷயம். ஒரு ஊராட்சியில் பல குக்கிராமங்கள் இருக்கும். கூட்டம் எப்போதும் ஊர்த் தெருவிலேயே நடந்தால் பட்டியலின மக்கள் வாழும் பகுதியிலிருந்து வந்து பேசுவது எளிதல்ல. வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்புவது உண்டு. அதனால்தான் கூட்டத்தைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு குக்கிராமத்திலும் நடத்த வேண்டும் என்று அரசு அறிவுறுத்துகிறது. வீடு அதிகம் தேவைப்படுபவர்கள் இருக்கும் இடத்திலேயே பட்டியலைப் படிப்பதற்கும், இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

சென்னைக்கு அருகே குத்தம்பாக்கம் ஊராட்சியை இங்கே நினைத்துப் பார்க்கலாம். வேதிப் பொறியாளரான இளங்கோ விஞ்ஞானி வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி, 1996-ல் ஊராட்சித் தலைவரானார். அவரது காலத்தில் அங்கே இரட்டை வீடுகள் கட்டினார்கள். நடுச்சுவருக்கு ஒரு பக்கம் தலித் குடும்பம், மறுபக்கம் தலித் அல்லாத குடும்பம். யாருக்கு வீடு என்பதோடு, யார் பக்கத்தில் யார் என்பதையும் ஒரு ஊர் பேசி முடிவெடுக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

தலைவரே இல்லாத ஊரில் யார் பொறுப்பு?

2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் தலைவர், உறுப்பினர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. புதிய தேர்தல் உடனே நடக்கவில்லை. ஊராட்சிகளைத் தனி அலுவலர்களிடம் ஒப்படைத்தார்கள்.

வார்டு உறுப்பினரிடம் வாசலில் நின்று சத்தம் போடலாம். தலைவரிடம் ‘அடுத்த தடவை ஓட்டு கேட்டு வருவீங்கல்ல’ என்று சொல்லலாம். பல ஊராட்சிகளைக் கவனிக்கும் அதிகாரியிடம் அது நடக்காது. தேர்ந்தெடுத்த மன்றம் இல்லாத காலத்திலும் கிராம சபை கலைவதில்லை. வாக்காளர் இருக்கும் வரை சபை இருக்கும். அந்த இடைவெளியில் வீட்டுப் பட்டியலை ஊர் கேள்வி கேட்க இருக்கும் முக்கிய மேடை இதுதான்.

வீடு மட்டுமா?

வீடு கட்டினால் போதாது, அதற்குப் போகும் தெரு வேண்டும், குழாய் வேண்டும், கழிவுநீர் போக வழி வேண்டும். இதற்கான பணத்தில் ஒரு பகுதி மத்திய நிதிக்குழு மானியமாக ஊராட்சிக்கு வருகிறது. 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு இந்த மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. அந்தக் காலத்தில் மீதி 40 சதவீதத்தை ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிடலாம், சம்பளத்துக்கு மட்டும் தொடக் கூடாது என்று இருந்தது. ஊர் தன் தேவைக்கேற்பச் செலவிடும் பணம் எங்கே போக வேண்டும் என்பது ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் முடிவாகிறது. அந்தத் திட்டமும் கிராம சபைக்கு வந்துதான் போக வேண்டும்.

‘நமக்கு நாமே’ திட்டம் இன்னொரு வழி. பள்ளிக் கட்டடம், பூங்கா போன்ற பொதுப் பணிக்கு மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடும். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஒன்றுசேர்ந்து ஊருக்குச் செய்யப் பயன்படுத்தும் திட்டம் இது. பணம் உள்ள ஊர் முந்திக்கொள்ளும் என்ற விமர்சனமும் இதன் மேல் உண்டு.

வாக்கு நகரத்தில் இருந்தால்?

பெயர் மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் இருந்தால் கிராம சபை உங்களுக்கு இல்லை. அதற்கு இணையாக இருப்பது பகுதி சபை. 74-வது திருத்தம் 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்று 1993-லேயே சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் அதற்கான விதிகள் வந்தது 2022-ல்தான். முதல் பகுதி சபைகள் அந்த ஆண்டு நவம்பர் 1-ல் நடந்தன. தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் நடந்த கூட்டத்தில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலின் கலந்துகொண்டார்.

ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிந்திருக்கும். சென்னையில் ஒரு வார்டுக்கு 10 பகுதிகள். 200 வார்டுகள் என்றால் 2,000 பகுதி சபைகள். தெருவிளக்கு, குடிநீர், குப்பை, மழைநீர் வடிகால் என உங்கள் தெருவின் தேவையை இங்கே வரிசைப்படுத்திச் சொல்லலாம்.

குறை என்னவென்றால், பகுதிகளின் பிரதிநிதிகளை மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். ஒரே தெருவில் பத்து வருஷம் இருப்பவருக்கும் தன் பகுதியின் பிரதிநிதி யாரென்று தெரியாமல் இருப்பது சகஜம். கூட்டம் நடப்பதே தெரியாமல் போவதும் உண்டு.

நகர ஏழைகளின் வீடு விஷயத்தில் கருத்துக் கேட்பு இன்னும் கூர்மையான பிரச்சினை. கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடும்பங்களைக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளுக்கு மாற்றியபோது வேலையும் பள்ளிக்கூடமும் பல கிலோமீட்டர் தள்ளிப்போனதை அந்த மக்கள் ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறார்கள். 2021-ல் அரசு மறுகுடியமர்வுக்கான வரைவுக் கொள்கையை வெளியிட்டுக் கருத்துக் கேட்டது. அது முதலில் ஆங்கிலத்தில் வந்தது. இடம் மாறப்போகிறவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் கருத்துக் கேட்டு என்ன பயன் என்று எதிர்ப்பு கிளம்பியது. அதன் பிறகு தமிழிலும் வெளியானது. கருத்துக் கேட்பு என்பது எந்த மொழியில், எத்தனை நாள் அவகாசத்தில் என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

மற்ற இடங்களில் எப்படி?

பக்கத்து மாநிலமான கேரளம் 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தது. கையில் பணம் இருந்ததால் கூட்டத்துக்கு வருவதில் அர்த்தம் இருந்தது.

அமெரிக்காவில் 1974-ல் வந்த சட்டப்படி, வீட்டு வசதிக்கும் பகுதி மேம்பாட்டுக்கும் மத்திய அரசு நகரங்களுக்கு மானியம் தருகிறது. அந்தப் பணத்தில் குறைந்தது 70% குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். செலவுத் திட்டத்தை நகர நிர்வாகம் முன்கூட்டியே வெளியிட்டு, கருத்துச் சொல்ல 30 நாள் தர வேண்டும். பொதுக் கூட்டங்களும் நடத்த வேண்டும். வந்த கருத்துகளின் சுருக்கத்தைத் திட்டத்தோடு இணைக்க வேண்டும். ஏற்காத கருத்து எது, ஏன் ஏற்கவில்லை என்றும் எழுத வேண்டும்.

அங்கேயும் கூட்டத்துக்கு ஆள் வராத பிரச்சினை உண்டு. கடைசி விதி மட்டும் கவனிக்க வேண்டியது. ‘உங்க கருத்தைக் கேட்டோம்’ என்பதோடு விட முடியாது. ‘ஏற்கவில்லை, காரணம் இது’ என்று பதில் சொல்லியாக வேண்டும். நம் ஊரில் பெயரை நீக்கக் காரணம் எழுத வேண்டும் என்ற விதி இருக்கிறது. சபையில் வைத்த கோரிக்கை ஒவ்வொன்றுக்கும் அதே போலப் பதில் கிடைத்தால் கூட்டத்தின் நிறமே மாறிவிடும்.

அடுத்த கூட்டத்துக்குப் போகிறீர்களா?

போகும் முன்: பிரதமர் திட்டப் பயனாளிகள் பட்டியல் ஊராட்சி வாரியாக இணையத்தில் இருக்கிறது. போனிலேயே பார்க்கலாம். அம்மா, அப்பாவிடம் அந்தப் பெயர்களைப் படித்துக் காட்டுங்கள். யார் வீடு எப்படி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். விடுபட்டவர்கள் யார் என்றும் கேளுங்கள்.

மனுவை எழுதியே கொண்டுபோங்கள்: வாயால் சொன்னது காற்றில் போகும். பெயர், தெரு, இப்போதைய வீட்டின் நிலை, பட்டா உண்டா இல்லையா, என்ன வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். இரண்டு பிரதி. ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

கூட்டத்தில்: ‘பட்டியலை முழுசா வாசிங்க’ என்று கேட்கலாம். அது உரிமை. ஆட்சேபம் இருந்தால் ஆளைத் திட்டாமல் விவரத்தை மட்டும் சொல்லுங்கள். ஊரில் தொடர்ந்து வாழப்போவது உங்கள் பெற்றோர். ஆட்சேபத்தையும் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மேற்பார்வைக்காக அரசு அனுப்பும் பற்றாளர் ஒருவர் இருப்பார். அவரிடமும் சொல்லலாம்.

கையெழுத்துக்கு முன்: தீர்மானத்தை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். வெற்று நோட்டில் கையெழுத்துப் போட வேண்டாம். வீட்டுப் பெரியவர்களிடமும் இதை முன்பே சொல்லிவையுங்கள்.

முடிந்த பிறகு: தீர்மான நகல் தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். வீட்டுத் திட்டங்களில் சமூகத் தணிக்கையும் உண்டு. கட்டிய வீடு, வந்த பணம், யாருக்காவது லஞ்சம் கொடுக்க நேர்ந்ததா என்பதையெல்லாம் சொல்ல வேண்டிய இடம் அது.

ஊரில் வாக்கு இல்லாதவர்களும் இதில் பாதியைச் செய்யலாம். பட்டியலை டவுன்லோடு செய்து அனுப்புவது, மனு எழுதிக் கொடுப்பது, தகவல் உரிமை விண்ணப்பம் போடுவது எதற்கும் வாக்காளராக இருக்க வேண்டியதில்லை. ஊரின் வாட்ஸ்ஆப் குரூப்பில் திருவிழா போட்டோக்களுக்கு நடுவே, அடுத்த கூட்டம் எங்கே, எத்தனை மணிக்கு என்று ஒரு வரி போட்டாலும் உதவிதான்.

பட்டியலில் ஒரு தவறான பெயர் இருக்கிறது என்றால், ஒரு சரியான பெயர் வெளியே நிற்கிறது என்று அர்த்தம். வீடுகளின் எண்ணிக்கை அளவோடுதான் வரும். வெளியே நிற்பவருக்காகப் பேசக் கூட்டத்தில் ஒருவராவது இருக்கிறாரா என்பது அந்தந்த ஊரைப் பொறுத்தது.